போகவிடாத கிளப்... போகாத மனிதர்!

வாரம் 14 பவுண்டு சம்பளம் வாங்கியவருக்கு 10,000 பவுண்டும் கடலோர வீடும் காரும் தருவதாக அழைப்பு வந்தது. இங்கிலாந்தின் மகத்தான கால்பந்து வீரர்களில் ஒருவரான டாம் ஃபின்னி, கடைசிவரை பிரெஸ்டன் கிளப்பிலேயே இருந்தார். அது விசுவாசமா, விலங்கா?

மழை கொட்டித் தீர்த்த 1956 ஆகஸ்ட் மாத மாலை. லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்தின் ஓரக்கோடு முழுவதும் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. செல்சீ அணியின் தடுப்பாட்டக்காரர்கள் இருவர் பந்தைப் பறிக்கப் பாய்கிறார்கள். அவர்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் சறுக்கிக்கொண்டே பந்தைத் தள்ளிப் போகிறார். காலடியிலிருந்து எழுந்த தண்ணீர் விசிறிபோல் விரிந்து அவர் உடம்பைப் பாதி மறைக்கிறது. பார்வை மட்டும் பந்தைவிட்டு நகரவில்லை. அந்தக் கணத்தை ஒரு புகைப்படக்காரர் பிடித்துவிட்டார். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுப் புகைப்படமாகத் தேர்வான அது, 2004-ல் வெண்கலச் சிலையாகவே எழுந்தது. பிரெஸ்டன் நகரின் டீப்டேல் மைதானத்துக்கு வெளியே, நீரூற்றுக்கு நடுவில் இன்றும் அவர் சறுக்கிக்கொண்டிருக்கிறார்.

அவர்தான் டாம் ஃபின்னி. அன்றைக்கு அவருக்கு வயது 34. இங்கிலாந்து அணியின் நட்சத்திரம். ஆண்டின் சிறந்த வீரர் விருதை ஒருமுறை வென்றுவிட்டார், அடுத்த ஆண்டு இன்னொரு முறை வெல்லப்போகிறார். அப்படிப்பட்டவர் ஆட்டமில்லாத நேரங்களில் பிரெஸ்டன் தெருக்களில் குழாய் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

2017-ல் நெய்மர் 222 மில்லியன் யூரோவுக்குக் கைமாறினார். அதன்பிறகு ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் பருவத்திலும் ரசிகர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘ஒரே கிளப்புக்காக உயிரைக் கொடுத்த அந்தக் காலத்து வீரர்கள் எங்கே?’ இப்படிக் கேட்கிறபோது இங்கிலாந்தில் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று ஃபின்னியுடையது. 1946 முதல் 1960 வரை லீக் போட்டிகளில் பிரெஸ்டன் நார்த் எண்ட் தவிர வேறு எந்த அணிக்காகவும் அவர் ஆடவில்லை. ஆனால், அவர் கதையை முழுதாகப் படித்தவர்களால் அந்தக் காலத்தை நினைத்து வெறுமனே ஏங்க முடியாது.

முதலில் தொழில், பிறகு பந்து

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயர் பகுதியின் பருத்தி ஆலை நகரமாக இருந்தது பிரெஸ்டன். 1888-ல் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது சேர்ந்த 12 கிளப்புகளில் ஒன்று இந்த ஊருடையது. முதல் பருவத்திலேயே ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்ற அணி அது.

அந்த டீப்டேல் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் 1922 ஏப்ரல் 5 அன்று ஃபின்னி பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். ஒல்லியான, நோஞ்சானான பையன். அன்றைய பிரெஸ்டன் நட்சத்திரம் அலெக்ஸ் ஜேம்ஸ்தான் அவனுடைய தெய்வம். இயல்பில் இடது காலால் ஆடுகிறவன், வலது காலையும் சமமாக்கியே தீருவதென்று மணிக்கணக்கில் பந்தடித்துப் பழகினான். பின்னாளில் வலது விங், இடது விங், சென்டர் ஃபார்வர்டு என எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடியவராக அவரை மாற்றியது அந்தப் பிடிவாதம்தான்.

14 வயதில் பிரெஸ்டன் கிளப் அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. அப்பா மறுத்துவிட்டார். முதலில் பிளம்பர் வேலையை முறையாகக் கற்று முடிக்க வேண்டும், கால்பந்து அதற்குப் பிறகுதான் என்பது அவர் முடிவு. பந்தை நம்பி வாழ்ந்தவர்கள் முழங்கால் போனதும் தெருவுக்கு வந்ததைப் பார்த்த தலைமுறை அது. மகன் கீழ்ப்படிந்தார். ‘பிரெஸ்டன் பிளம்பர்’ என்ற பெயர் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டது.

1940-ல் தொழில்முறை ஒப்பந்தம் கையெழுத்தானபோது போர் தொடங்கியிருந்தது. லீக் நின்றுபோயிருந்தது. 1941 போர்க்காலக் கோப்பை இறுதியாட்டத்தில் 19 வயதில் வெம்ப்ளியில் ஆடினார். டிராவில் முடிந்த அந்த ஆட்டத்தின் மறு ஆட்டத்தில் ஆர்சனலை பிரெஸ்டன் வென்றது. அடுத்த ஆண்டே ராணுவ அழைப்பு. எகிப்தில் இருந்தார், இத்தாலியில் டாங்கி ஓட்டினார். திரும்பி வந்து 1946 ஆகஸ்ட் 31 அன்று லீட்ஸ் யுனைடெட்டுக்கு எதிராக முதல் லீக் ஆட்டம் ஆடியபோது வயது 24. இன்றைய வீரர்கள் பலர் அந்த வயதுக்குள் இருநூறு ஆட்டங்களைத் தாண்டிவிடுகிறார்கள். ஃபின்னி பூஜ்ஜியத்தில் தொடங்கினார். நான்கே வாரத்தில் இங்கிலாந்து அணி அவரைக் கூப்பிட்டது. பெல்ஃபாஸ்டில் நடந்த அந்த முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் அடித்தார். இங்கிலாந்து 7-2 என வென்றது.

┌───────────────
ஃபின்னி: எண்களில்

பிரெஸ்டனுக்காக லீக் ஆட்டங்கள் 433, கோல்கள் 187. கோப்பை ஆட்டங்களையும் சேர்த்தால் 473 ஆட்டங்கள், 210 கோல்கள்.
இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள், 30 கோல்கள். 1950, 1954, 1958 என மூன்று உலகக் கோப்பைகள்.
ஆண்டின் சிறந்த வீரர் விருது: 1954, 1957. இதை இருமுறை வென்ற முதல் வீரர்.
நடுவரின் எச்சரிக்கைப் புத்தகத்தில் பெயர் எழுதப்பட்டது: ஒருமுறையும் இல்லை.
லீக் பட்டம்: இல்லை. எஃப்.ஏ. கோப்பை: இல்லை.
───────────────┘

சிசிலியிலிருந்து வந்த அழைப்பு

1952 மே மாதம். இங்கிலாந்து அணி இத்தாலிக்குச் சென்று ஃப்ளோரன்ஸில் 1-1 என டிரா செய்தது. அந்தப் பயணத்தில்தான் சிசிலித் தீவின் பலேர்மோ கிளப்புக்குத் தலைவராக இருந்த பிரபு ஒருவர் ஃபின்னியை அணுகினார். அவர் விரித்துக் காட்டியது ஒரு தனி உலகம்: கையெழுத்திட்டதும் 10,000 பவுண்டு, மாதச் சம்பளம் 130 பவுண்டு, அதற்கு மேல் வெற்றிக்கான ஊக்கத்தொகை. மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு வீடு. ஒரு கார். குடும்பம் வந்துபோகப் பயணச் செலவு.

அன்று இங்கிலாந்தில் ஒரு வீரருக்குச் சட்டப்படி கொடுக்கக்கூடிய உச்சபட்சச் சம்பளம் வாரம் 14 பவுண்டு. கோடையில் அதுவும் குறையும். ஆண்டு முழுவதும் முழுச் சம்பளம் என்று வைத்துக் கணக்குப் போட்டாலும், பலேர்மோ கையெழுத்துத் தொகையாக மட்டும் கொடுக்க முன்வந்தது ஃபின்னியின் பதின்மூன்றரை ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். அவருடைய மொத்த லீக் வாழ்க்கையே 14 ஆண்டுகள்தான்.

அவர் ஆசைப்பட்டார். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் விசுவாசக் கதைகளில் முதலில் வெட்டி எறியப்படுவது இந்த இடம்தான். இரண்டு சிறு குழந்தைகளின் தகப்பன் அவர். காலில் ஒரு முறை பலமாக அடிபட்டால் அத்தோடு வருமானம் போய்விடும் தொழில். ஊருக்குத் திரும்பியதும் கிளப் தலைவர் நேட் பக்கிடம் விஷயத்தைச் சொன்னார். கட்டடத் தொழிலில் இருந்த பக், யோசிக்க நேரமே எடுத்துக்கொள்ளவில்லை. பிரெஸ்டனுக்கு ஆடவில்லையென்றால் நீ யாருக்குமே ஆடப்போவதில்லை என்று லங்காஷயர் பேச்சிலேயே நறுக்கென்று முடித்துவிட்டார். கிளப்புக்கும் பெரிய தொகை தரப் பலேர்மோ தயாராக இருந்தது. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

அது வெறும் மிரட்டல் அல்ல. விதிப்படி அவரால் அதைச் செய்ய முடியும்.

ஒப்பந்தம் முடிந்தாலும் விடுதலை இல்லை

அன்றைய இங்கிலாந்துக் கால்பந்தை இரண்டு விதிகள் தாங்கிப் பிடித்திருந்தன. முதலாவது சம்பள உச்சவரம்பு. 1901-ல் வாரம் 4 பவுண்டு என்று தொடங்கியது, மெல்ல மெல்ல உயர்ந்து 1958-ல் 20 பவுண்டைத் தொட்டது. தேசத்தின் தலைசிறந்த வீரரும் அணியின் கடைசி ஆட்டக்காரரும் ஒரே உச்சவரம்புக்குக் கீழேதான் நிற்க வேண்டும்.

இரண்டாவது விதி இன்னும் கொடியது. வீரரின் ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். ஆண்டு முடிந்ததும் கிளப் விரும்பினால் அவரைத் ‘தக்கவைத்துக்கொள்ளும்’ பட்டியலில் சேர்க்கலாம். சேர்த்துவிட்டால், அவர் மறு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டாலும் பதிவு கிளப்பின் பெட்டியிலேயே இருக்கும். சம்பளம் கிடையாது. வேறு லீக் கிளப்புக்கு ஆடவும் முடியாது. ஆலைத் தொழிலாளிகூட ஒரு முதலாளி பிடிக்காவிட்டால் அடுத்த ஆலைக்குப் போகலாம். அந்தத் தொழிலாளி காசு கொடுத்துப் பார்த்த வீரருக்கு அந்த உரிமை இல்லை.

காசு இல்லாமலா இப்படி? 1948-49 பருவத்தில் இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களைப் பார்க்க 4 கோடியே 12 லட்சத்துக்கும் அதிகமான டிக்கெட்டுகள் விற்றன. போர் முடிந்து, ரேஷன் அரிசி பருப்புபோல எல்லாமே அளந்து கிடைத்த காலத்தில், சனிக்கிழமை மாலைகளில் மக்களுக்கு இருந்த ஒரே பெரிய கொண்டாட்டம் கால்பந்துதான். டீப்டேல் நிரம்பி வழிந்தது. ‘ஃபின்னி ஆடுகிறாரா?’ என்று கேட்டுவிட்டுத்தான் பலரும் வரிசையில் நின்றார்கள். அந்தக் கூட்டத்தை இழுத்தவருக்கும், அவர் பக்கத்தில் நின்றவருக்கும் ஒரே உச்சவரம்பு.

┌───────────────
போனவருக்கு நேர்ந்த கதி

விதியை மீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஃபின்னியின் கண்முன்னே ஓர் உதாரணம் இருந்தது. ஸ்டோக் சிட்டியின் நீல் ஃப்ராங்க்ளின் இங்கிலாந்தின் மிகச் சிறந்த சென்டர் ஹாஃப், 27 சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர். 1950 உலகக் கோப்பைக்குச் சில வாரங்கள் முன்பு அவர் கொலம்பியாவின் போகோட்டா நகருக்கு விமானம் ஏறினார். அன்று கொலம்பிய லீக் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிகளுக்கு வெளியே இருந்ததால், கிளப்பின் அனுமதி தேவைப்படவில்லை. சொன்னபடி எதுவும் நடக்காததால் சில ஆட்டங்களிலேயே ஊர் திரும்பினார். இங்கிலாந்தில் அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை முடிந்து இரண்டாம் பிரிவில் ஆட வந்தார். தேசிய அணி மறுபடி ஒருநாளும் அவரைக் கூப்பிடவில்லை. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை.
───────────────┘

ஆகவே 1952-ல் ஃபின்னி பிரெஸ்டனில் நின்றதை விசுவாசம் என்று சொல்வது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். நிறுத்தி வைக்கப்பட்டார் என்பதே சரி. ஐந்தே ஆண்டுகளில், 1957-ல், லீட்ஸ் யுனைடெட் தன் நட்சத்திரம் ஜான் சார்ல்ஸை 65,000 பவுண்டுக்கு இத்தாலியின் யுவென்டஸ் கிளப்புக்கு விற்றது. கிளப்புக்குத் தேவைப்பட்டபோது இத்தாலிக் கதவு தாராளமாகத் திறந்தது. வீரருக்குத் தேவைப்பட்டபோது அது மூடியிருந்தது.

கைக்கெட்டிய பட்டங்கள்

கிளப் அவரைப் பிடித்து வைத்தது. பதிலுக்கு அவருக்கு என்ன கொடுத்தது? 1949-ல் பிரெஸ்டன் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோது இங்கிலாந்தின் முதல்தர விங்கர் இரண்டாம் பிரிவில் ஆடினார். 1951-ல் அணியை மேலே கொண்டுவந்தார். இரண்டாம் பிரிவுப் பட்டமும் போர்க்காலக் கோப்பையும்தான் கிளப்போடு அவர் வென்ற முக்கியப் பரிசுகள்.

1952-53 பருவத்தை நினைத்தால் இன்றும் பிரெஸ்டன்காரர்களுக்கு நெஞ்சு வலிக்கும். தங்கள் கடைசி ஆட்டத்தில் டெர்பி ஊருக்குப் போய் வென்று 54 புள்ளிகளோடு அவர்கள் காத்திருந்தார்கள். மே 1 அன்று ஆர்சனல் பர்ன்லியை 3-2 என வீழ்த்தி அதே 54 புள்ளிகளைத் தொட்டது. அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்துப் பார்த்தார்கள்: ஆர்சனல் 1.516, பிரெஸ்டன் 1.417. பட்டம் லண்டனுக்குப் போனது. அடுத்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். முந்தைய ஆண்டு இதே வெம்ப்ளியில் ஸ்டான்லி மேத்யூஸ் 38 வயதில் பிளாக்பூலுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தார். இந்த முறை ஃபின்னியின் ஆண்டு என்று நாடே எதிர்பார்த்தது. அவருக்கு அன்று எதுவும் சரியாக அமையவில்லை. வெஸ்ட் பிராம்விச் 3-2 என்று வென்றது. 1958-ல் மீண்டும் லீக்கில் இரண்டாமிடம்.

மேத்யூஸா, ஃபின்னியா என்ற விவாதம் அன்றைய இங்கிலாந்தின் தேநீர்க் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் ஓயவே இல்லை. எதிராளியை நிற்க வைத்து ஏமாற்றிக் கடப்பதில் மேத்யூஸுக்கு நிகர் கிடையாது. ஆனால் இரண்டு கால்களும், தலையால் முட்டும் திறனும், கோல் அடிக்கும் கண்ணும், விட்ட பந்தைத் திரும்ப ஓடிப் பறிக்கும் உழைப்பும் ஒருவரிடமே சேர்ந்திருந்தது ஃபின்னியிடம்தான். என் ஓட்டு அவருக்கே. 1947-ல் லிஸ்பனில் இருவரையும் ஆளுக்கொரு விங்கில் நிறுத்தியபோது போர்ச்சுகலை இங்கிலாந்து 10-0 என்று நொறுக்கியது. தேர்வுக்குழு அதை இன்னும் அடிக்கடி செய்திருக்கலாம்.

பிரெஸ்டனில் அவரோடு ஆடிய பில் ஷாங்க்லி, பின்னாளில் லிவர்பூலைக் கட்டியெழுப்பியவர். எந்தக் காலத்திலும், எந்த அணியிலும் ஃபின்னி மகத்தானவராகவே இருந்திருப்பார், ஓவர்கோட் மாட்டிக்கொண்டு ஆடினாலும்கூட என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னொரு சக வீரர் டாமி டோச்சர்டி, மெஸ்ஸியைப் பார்த்தபோதெல்லாம் ஃபின்னியே மறுபடி பிறந்து வந்ததாகச் சொன்னார்.

அவர் போன மறு ஆண்டு

இடுப்பருகே தொடர்ந்து வாட்டிய தசைக்காயத்தால் 38 வயதில் ஃபின்னி விடைபெற்றார். 1960 ஏப்ரல் 30, டீப்டேலில் லூட்டன் டவுனுக்கு எதிரான ஆட்டம். பிரெஸ்டன் 2-0 என்று வென்றது. அந்தப் பருவத்தில் அணிக்கு ஒன்பதாம் இடம்.

அடுத்த பருவம் பிரெஸ்டன் கடைசி இடம். முதல் பிரிவிலிருந்து இறங்கியது. இன்றுவரை திரும்பவில்லை.

அணியின் மற்ற பத்துப் பேரைத் தன்னைச் சார்ந்து வாழும் குடும்பத்தினர் என்று காட்டி ஃபின்னி வருமான வரிச் சலுகை கேட்கலாம் என அவர் ஆடிய காலத்தில் ஒரு கேலி உலவியது. அந்தப் பத்துப் பேரும் நல்ல ஆட்டக்காரர்கள்தான். ஆனாலும், ஒரு மனிதரின் தோளில் எவ்வளவு பாரம் இருந்தது என்பது அவர் இறங்கிக்கொண்ட பிறகுதான் ஊருக்குப் புரிந்தது. 1970-ல் மூன்றாம் பிரிவு. 1985-ல் நான்காம் பிரிவு. 1986-ல் மொத்த லீக்கின் 92 கிளப்புகளில் 91-ஆம் இடம். தோல்வியே அறியாத முதல் சாம்பியன்கள், லீக்கில் நீடிக்க மற்ற கிளப்புகளின் ஓட்டைக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

ஃபின்னி இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1961 ஜனவரியில் இங்கிலாந்துக் கால்பந்தின் தரையே நகர்ந்தது. வீரர்கள் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தார். கிளப்புகள் பணிந்தன, சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாம் தன் கேப்டன் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. ஃபின்னி ஓய்வுபெற்று ஒன்பது மாதம்கூட ஆகவில்லை.

நியாயமான அந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. அதைக் கொடுத்தவை சின்ன ஊர்கள். உச்சவரம்பு இருந்தவரை, பிரெஸ்டன் கொடுக்கும் சம்பளத்தையேதான் மான்செஸ்டரும் லண்டனும் கொடுக்க முடிந்தது. ஆகவே சுமார் 1.2 லட்சம் பேர் வாழ்ந்த ஆலை நகரத்தால் தன் மண்ணில் பிறந்த பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடிந்தது. ஃபின்னி விடைபெற்ற இரண்டாம் நாள் லீக் பட்டத்தை வென்றது, பிரெஸ்டனைவிடச் சிறிய ஊரான பர்ன்லி! அதுதான் அந்த உலகத்தின் கடைசிப் பெரிய வெளிச்சம். வரம்பு போனதும் வரிசையாக விழுந்தார்கள்: 1961-ல் பிரெஸ்டன், 1964-ல் போல்ட்டன், 1966-ல் பிளாக்பர்ன், 1967-ல் பிளாக்பூல், 1971-ல் பர்ன்லி. அக்ரிங்டன் ஸ்டான்லி கிளப் 1962-ல் பணமில்லாமல் பருவத்தின் நடுவிலேயே லீக்கைவிட்டு விலகியது. பருத்தி ஆலைகள் மூடிக்கொண்டிருந்தன, வீட்டுக்கு வீடு டி.வி. வந்தது, கார் வைத்திருந்தவர்கள் மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் போய் ஆட்டம் பார்த்தார்கள். எல்லாம் ஒரே பத்தாண்டில் சேர்ந்து அடித்தன.

இந்தக் கணக்கைக் காட்டி, பழைய விதிகளே நல்லவை என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. லங்காஷயரின் கிளப்புகள் நின்றது வீரர்களின் பிடுங்கப்பட்ட கூலியில். சின்ன ஊர்களைக் காப்பாற்ற வேண்டுமானால் வருமானத்தைக் கிளப்புகளுக்குள் இன்னும் அதிகமாகப் பகிர்ந்திருக்கலாம். ஊரின் பெருமைக்கான செலவை ஒரு பிளம்பரின் குடும்பத்திடம் வசூலித்தார்கள்.

கையெழுத்து இல்லாமல் கொடுத்தது

அப்படியானால் ஃபின்னியின் விசுவாசம் என்பதே கட்டுக்கதையா? இல்லை. அதைத் தேட வேண்டிய இடம் வேறு. 1960-க்குப் பிறகு அவரைப் பிடித்து வைக்க எந்த விதியும் இல்லை. வாழ்ந்த மீதி 54 ஆண்டுகளையும் அவர் பிரெஸ்டனுக்கே கொடுத்தார்.

சகோதரரோடு சேர்ந்து நடத்திய பிளம்பிங் நிறுவனத்தைப் பெரிதாக்கினார், ஊர்க்காரர்கள் பலருக்கு வேலை கொடுத்தார். நகரின் சுகாதாரக் குழுமத்துக்குத் தலைவராக இருந்தார். உள்ளூர் நீதிமன்றத்தில் கௌரவ நீதிபதியாக உட்கார்ந்தார். கிளப் நான்காம் பிரிவில் தள்ளாடிய நாட்களிலும் அதன் முகமாக அவரே நின்றார். 1945-ல் மணந்த மனைவி எல்சி நினைவிழப்பு நோயில் விழுந்தபோது, 2004-ல் அவர் இறக்கும்வரை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டார். 1998-ல் சர் பட்டம் வந்தது. டீப்டேலுக்குப் போகும் சாலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். மைதானத்தின் ஒரு பார்வையாளர் மாடத்தில் இருக்கைகளின் நிறத்தாலேயே அவர் முகத்தைத் தீட்டினார்கள்.

பலேர்மோ பற்றி எத்தனையோ முறை அவரிடம் கேட்டார்கள். ஆசை இருந்ததை ஒப்புக்கொண்டார். நேட் பக்கின் மேலோ கிளப்பின் மேலோ கசப்பைக் கொட்டவில்லை. அந்தக் கசப்பு நமக்கு வர வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் கோபப்படவில்லை என்பதற்காக நடந்தது நியாயமாகிவிடாது.

2014 பிப்ரவரி 14 அன்று, 91 வயதில் ஃபின்னி இறந்தார். மறுநாள் லேட்டன் ஓரியன்ட் அணிக்கு எதிராக இறங்கிய பிரெஸ்டன் வீரர்கள் எல்லோருடைய முதுகிலும் ஒரே பெயர்: ஃபின்னி.

┌───────────────
விலங்கை உடைத்தவர்

நியூகாஸில் யுனைடெட்டின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் 1960-ல் மறு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். கிளப் அவரை விடவில்லை. சம்பளமில்லாமல், தக்கை விற்கும் வேலை பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் அசையாமல் நின்றார். கடைசியில் கிளப் இறங்கிவந்து ஆர்சனலுக்கு அவரை விற்றது. அத்தோடு விடாமல், வீரர்கள் சங்கத்தின் துணையோடு வழக்கை நடத்தினார். 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் அந்த முறை தொழில் உரிமையை நியாயமின்றித் தடுக்கிறது என்று தீர்ப்பளித்தார். ஒப்பந்தம் முடிந்த வீரர் கிளப்புக்குப் பணம் ஏதுமின்றி வேறு இடம் போகலாம் என்ற நிலை, 1995-ல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தந்த தீர்ப்போடுதான் முழுமையானது.
───────────────┘

பெல்ஃபாஸ்டில் ஒரு புதன்கிழமை

ஈஸ்ட்ஹாம் தீர்ப்பு வந்த அதே 1963. வட அயர்லாந்தின் சாம்பியன் டிஸ்டிலரி கிளப்புக்கு ஐரோப்பியக் கோப்பையில் பெரும் சோதனை. எதிரே பென்ஃபிகா. 1961, 1962 ஆண்டுகளின் ஐரோப்பிய சாம்பியன். அணியில் யூசேபியோ. டிஸ்டிலரியின் மேலாளர், ஓய்வுபெற்று மூன்று ஆண்டு ஆகிவிட்ட ஃபின்னியைத் தேடி வந்து, ஒரே ஒரு ஆட்டம் ஆடித் தரும்படி கேட்டார். அந்த மேலாளரின் பெயரும் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம்தான்: வழக்குப் போட்ட வீரரின் அப்பா!

41 வயதில் ஃபின்னி ஒப்புக்கொண்டார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 17 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துக்காக முதல் கோலை அடித்த அதே பெல்ஃபாஸ்ட் நகரத்தில், செப்டம்பர் 25 அன்று, அவர் இன்னொரு கிளப்பின் சட்டையில் இறங்கினார். ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டியில் அவர் ஆடிய ஒரே ஆட்டம் அது. சாராய ஆலைப் பெயர் கொண்ட அந்தச் சின்ன அணி பென்ஃபிகாவுக்கு மூன்று கோல் போட்டது. ஆட்டம் 3-3.